ஏ9 வீதியில் மூன்று தடவை நின்ற மொறிஸ் மைனர்: ஒரு நிகழ்வு ஆய்வு

டென்மார்க்கில் இருந்து ஒருவர் தன்னந்தனியாக ஓட்டி வந்த மொறிஸ் மைனர் கார் இது. துருக்கியின் கிழக்கு மலைகளில் ஏறி இறங்கியது, ஈரானைக் குறுக்கே கடந்தது, பலுசிஸ்தான் வெளியில் காவல் வண்டிக்குப் பின்னால் நாள் முழுக்க ஓடியது, பிறகு இந்தியாவை வடக்கில் இருந்து தெற்குவரை அளந்தது. அங்கெல்லாம் பெரிதாக மக்கர் பண்ணாத வண்டி இலங்கையின் வடக்கே, யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில், வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில், எண்பது கிலோமீற்றர்கூட வராத தூரத்தில், மூன்று தடவை நின்றது. மூன்றாம் தடவை உழவு இயந்திரத்தில் கட்டித்தான் எங்கள் கராஜுக்கு இழுத்து வந்தார்கள்.

கராஜில் கணக்கும் உதிரிப்பாகமும் பார்ப்பவன் என்பதால் நடந்ததை அருகில் இருந்து பார்த்தேன். பழுது அற்பமானது. அதைக் கண்டுபிடித்த விதமும், அது ஏன் வன்னியில், அதாவது வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடைப்பட்ட இந்த நிலத்தில், வந்து தலைகாட்டியது என்பதும்தான் எழுதத் தக்கவை. வண்டிக்காரர் தன் பெயரைப் போட வேண்டாம் என்றார், போடவில்லை. கிளிநொச்சிப் பக்கத்தில் பிறந்து, தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் இளைஞனாக நாட்டை விட்டுப் போனவர் என்பது மட்டும் தெரிந்தால் போதும். இந்த ஆய்வுக்கு அது முக்கியம்.

வண்டியும் வழியும்

மொறிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் தயாரான கார். பின்னாளில் மினி காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் இதையும் வடிவமைத்தார். பத்து லட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார் என்ற பெயரும் இதற்கு உண்டு. டென்மார்க்கில் இதன்மேல் ஒரு தனிப் பாசம், அங்கே ‘மொறிஸ் 1000’ என்பார்கள். நமது பக்கமும் சும்மா இல்லை. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், மைனர் எல்லாம் கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாடகைக்கு ஓடிய காலத்தைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தொண்ணூறுகளில் மைனரின் தகட்டு உறுப்புகளை இலங்கையில் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியதும் நடந்தது. வந்த வண்டி 1098 சிசி எஞ்சின் போட்டது. காபரேட்டர், டைனமோ, எஞ்சின் அறைச் சுவரில் ஒரு மின்சாரப் பெற்றோல் பம்ப், அவ்வளவுதான். பற்றரியின் நேர் முனையை உடலில் இணைத்த பழைய முறை, இன்றைய வண்டிகளுக்குத் தலைகீழ். ஜம்பர் வயரைத் தூக்கிக்கொண்டு ஓடிய எங்கள் பொடியனை வண்டிக்காரர் கத்தித்தான் நிறுத்தினார்.

தனியாக இப்படிப் பழைய வண்டியில் கிளம்புவது புதிதல்ல. பெர்லினைச் சேர்ந்த ஹைடி ஹெட்சர் என்ற பெண்மணி 2014இல், தனது 77ஆவது வயதில், 1930ஆம் ஆண்டு ஹட்சன் காரில் உலகைச் சுற்றக் கிளம்பி 2017இல் வீடு திரும்பினார். ‘அந்த அம்மாவைப் பார்த்துத்தான் எனக்கும் விசர் பிடிச்சது’ என்றார் நம் ஆள்.

வழி பழைய தரைவழிதான்: ஐரோப்பா, துருக்கி, பசர்கான் எல்லை, தப்ரீஸ், யஸ்த், கெர்மான், சாகிதான், பிறகு பாகிஸ்தானின் தாஃப்தான், குவெட்டா, லாகூர், வாகா. எழுபதுகளில் ஆப்கானிஸ்தான் ஊடாகவும் ஆட்கள் வந்தார்கள். 1979இல் ஈரானில் புரட்சி, அதே ஆண்டு முடிவில் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை என்று வந்ததும் அந்த ஓட்டம் படுத்துவிட்டது. இவருக்கு டேனிஷ் கடவுச்சீட்டு இருந்தது வசதியாகப் போயிற்று. பிரித்தானிய, அமெரிக்க, கனேடியக் கடவுச்சீட்டுக்காரர்கள் ஈரானுக்குள் வழிகாட்டி இல்லாமல் சுற்ற முடியாது. அதனால் அவர்களுக்குத் ‘தனியாக’ என்ற கதையே அங்கே முடிந்துவிடும். வண்டியை வரி கட்டாமல் நாடு நாடாகக் கொண்டுபோகப் பிணைப்பணம் கட்டி, கார்னெட் என்ற சுங்கப் பத்திரம் எடுத்திருந்தார். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பக்கம், உள்ளே வரும்போது ஒரு முத்திரை, வெளியேறும்போது ஒன்று. வெளியேறும் முத்திரை விழாவிட்டால் அந்த நாட்டுச் சுங்கத்துக்குப் பிணைப்பணத்தில் இருந்து வரி போய்விடும். 2025 ஏப்ரலில் இந்தியா, வாகாவுக்கு எதிரே தன் பக்கம் இருக்கும் அட்டாரி எல்லைச் சாவடியை மூடியது. இவர் அதற்கு முந்திக் கடந்துவிட்டார்.

தூத்துக்குடியில் காரைக் கொள்கலனில் ஏற்றிக் கொழும்பில் இறக்கினார். இராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் 1984இல் நின்றது. 2023இல் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் ஆட்களை மட்டும்தான் ஏற்றுகிறது. கார் ஏற்றும் கப்பல் ஒன்று தலைமன்னாருக்கு ஓடியிருந்தால் அவர் வன்னி மண்ணிலேயே வந்து இறங்கியிருப்பார். சரி, அது வேறு கதை.

நின்ற மூன்று இடங்கள்

முதல் தடவை புளியங்குளம் தாண்டி. நல்ல வெயில், அறுபதில் ஓடிக்கொண்டிருந்த வண்டி இரண்டு தரம் விக்கியது, பிறகு எஞ்சின் அடங்கிவிட்டது. இந்த வெக்கையில் குழாய்க்குள் பெற்றோல் ஆவியாகி அடைத்துவிட்டது என்று முடிவு கட்டினார். பழைய கார்களில் அது நடக்கும், தவறான ஊகம் என்று சொல்ல முடியாது. பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிவிட்டு மரநிழலில் அரை மணித்தியாலம் இருந்தார். வண்டி ஸ்ராட் ஆனது. ஊகம் சரி என்று ஆகிவிட்டது.

இரண்டாம் தடவை கனகராயன்குளம் கிட்ட. இந்த முறை சாவியைப் போட்டதும் பம்பைக் கவனித்தார், சத்தமே இல்லை. தொட்டால் கை சுட்டது. பம்ப் செத்துவிட்டது. உதிரிப் பம்ப் ஒன்று டிக்கியில் இருந்தது, வீதியோரத்தில் வைத்தே மாற்றினார். புதுப் பம்ப் உடனே தட்டத் தொடங்கியது. ஆக, ஆவி இல்லை, பம்ப்தான் என்று இரண்டாவது முடிவும் உறுதியானது.

மூன்றாம் தடவை மாங்குளம் கடந்து கொக்காவில் பக்கம். புதுப் பம்பும் மௌனம், அதே சூடு. இங்கேதான் மனிதர் உடைந்துபோனார். இரண்டு பம்ப் ஒரே நாளில் சாகுமா? சாகும் என்றால் மின்சாரத்தில் ஏதோ கோளாறு. அப்படியென்றால் முழு வயரிங்கையும் பிரிக்க வேண்டும். உழவு இயந்திரத்துக்காரர் ஒருவர் கயிறு போட்டு இழுத்தார். முறிகண்டியில் இழுவையை நிறுத்தி, பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கிய பிறகுதான் திரும்பவும் புறப்பட்டாராம். முறிகண்டியில் நிற்காமல் போகிற வண்டி வழியில் நிற்கும் என்று ஊரில் சொல்வார்கள். இது முறிகண்டிக்கு வரமுன்னமே நின்ற வண்டி, பிள்ளையாரை இதில் இழுக்க முடியாது.

கராஜில்

எங்கள் பொடியன்களுக்கு ஓட்டோவும் வானும் அத்துப்படி. காபரேட்டர் கார் என்றால் பொருட்காட்சிச் சாமான். கொயில், கொண்டென்சர், வயர்கள் எல்லாம் பார்த்தார்கள், எல்லாம் சரி. போதாக்குறைக்கு கராஜுக்குள் வண்டி மணிக்கணக்காக நிற்காமல் இயங்கியது. இரண்டு பம்பையும் மாற்றி மாற்றிப் போட்டார்கள், இரண்டும் நன்றாகத் தட்டின. இனி என்ன செய்வது என்று முழித்தபோது, பரந்தன் பக்கம் இருக்கும் ஒரு பெரியவரைக் கூட்டி வந்தோம். எழுபது தாண்டியவர், இப்போது கராஜ் வேலையை விட்டுவிட்டார்.

அவர் பொனெட்டைத் திறக்கவில்லை. வாங்கில் இருந்து பிளேன்ரீ குடித்தபடி கேள்விதான் கேட்டார்.

‘தம்பி, நிண்ட உடன பம்ப் எப்பிடித் தட்டினது? கடகடவெண்டு அடிச்சதோ, அடிக்காமல் கிடந்ததோ?’

‘சத்தமே இல்லை ஐயா. சரியான சூடு.’

‘அப்ப ஆவி இல்லை.’

இதற்குக் காரணம் உண்டு. இந்தப் பம்புக்குள் ஒரு மின்காந்தம் இருக்கிறது. அது ஒரு சவ்வை இழுக்கும்போது தாங்கியில் இருந்து பெற்றோல் உறிஞ்சப்படும், விட்டதும் ஒரு சுருள்வில் அதைக் காபரேட்டருக்குத் தள்ளும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு ‘டக்’. குழாயில் ஆவியோ காற்றோ நிறைந்தால் பம்புக்குச் சுமை இல்லை, மடமடவென்று அடித்துத் தள்ளும். உறிஞ்சும் பக்கம் எதுவோ பிடித்து இழுத்தால் மின்காந்தம் சவ்வை இழுக்க மாட்டாமல் திணறி அப்படியே நிற்கும். மின்சாரம் மட்டும் ஓடிக்கொண்டிருப்பதால் சூடேறும். ஆக, பம்ப் சாகவில்லை, அதைப் பின்னால் இருந்து யாரோ இழுத்துப் பிடித்திருக்கிறார்கள்.

அடுத்த கேள்வி: ‘கடைசியா எதை மாத்தினனீர்?’

வண்டிக்காரர் பெருமையோடு ஒரு கொப்பியை நீட்டினார். கோபன்ஹேகனில் இருந்து மாற்றிய பிளக், போட்ட கிரீஸ், இறுக்கிய நட்டு எல்லாம் தேதியோடு இருந்தன. இந்தியாவுக்குப் பிறகு, வீதியோரத்தில் மாற்றிய பம்பைத் தவிர, ஒன்றுமே இல்லை. பெரியவர் கொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்துபோய்க் காரைச் சுற்றி வந்தார். பின்பக்கம் நின்று, ‘இந்த மூடி காரோட வந்ததோ?’ என்றார்.

வரவில்லை. தமிழ்நாட்டில் ஒரு பெற்றோல் நிலையத்தில் பழைய மூடி தொலைந்துவிட்டது. ஒரு உதிரிப்பாகக் கடையில் சாவி போட்டுப் பூட்டுகிற மூடி ஒன்று வாங்கினார். அது திருத்த வேலைக் கொப்பியில் ஏறவில்லை. செலவுக் கொப்பியில், தேநீர், வாழைப்பழம், சவர்க்காரத்தோடு ஒரு வரியாக இருந்தது. மூடியை வண்டியின் உறுப்பு என்று யார் நினைப்பார்கள்?

மண்ணெண்ணெய்க் காலத்து அறிவு

பெரியவரின் கண் நேரே மூடிக்குப் போனது தற்செயல் இல்லை. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வன்னிக்கும் யாழ் குடாநாட்டுக்கும் பெற்றோல் தடை. பற்றரி, சீமெந்து, உரம் என்று நீண்ட பட்டியலில் அதுவும் ஒன்று. மண்ணெண்ணெய் மட்டும் அளந்து அளந்து வந்தது. அதில்தான் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடின. வெளியூர்க்காரருக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள், ஆனால் அதில் மாயம் ஒன்றும் இல்லை.

குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் சிறிய போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேட்டர் வாயில் கொஞ்சம் விட்டு ஸ்ராட் எடுப்பார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெயின் ஒக்ரேன், அதாவது அமுக்கத்தில் முந்திப் பற்றாமல் தாங்கும் தன்மை, குறைவு, எஞ்சின் தட்டும். பழைய ஏ40 எஞ்சினின் அமுக்க விகிதம் ஏழுக்குச் சற்று மேல்தான் என்பதால் தாங்கியது, பத்துக்கு மேல் போகும் இன்றைய எஞ்சின் தாங்காது. தட்டல் அடங்க டிஸ்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி நெருப்பைப் பிந்த வைப்பார்கள். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களுக்கு இடையால் இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் குச்சியைப் போட்டுப் பார்த்தால் மட்டம் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். அப்போதே ஒயில் மாற்றாவிட்டால் பெயரிங் போச்சு. வண்டி போன பிறகும் வீதியில் வெள்ளைப் புகை நிற்கும், பின்னால் சைக்கிளில் வருகிறவருக்குக் கண் எரியும்.

பம்ப் பழுதானால் மாற்றுப் பம்பும் இல்லை. பெரியவர் அப்போது பழுதான பம்புகளைக் கழற்றிவிட்டு, கூரையில் ஒரு பிளாஸ்ரிக் கானைக் கட்டி, ரியூப் வழியாக மண்ணெண்ணெயைத் தானாக இறங்க விட்டார். அந்தக் கானின் மூடியில் காய்ச்சிய ஆணியால் ஒரு ஓட்டை போடுவது முதல் வேலை. அதை மறந்த வண்டிகள் கொஞ்சத் தூரம் ஓடி நின்றன. ரின்பால் பேணியில் ஒரு பக்கம் மட்டும் ஓட்டை போட்டால் பால் இறங்குமா? உள்ளே காற்றுப் போனால்தான் வெளியே எண்ணெய் வரும். மைனரின் பழைய மூடியில் அந்தக் காற்றுத்துளை இருந்தது. புதுப் பூட்டு மூடியில் இல்லை. நல்ல இறுக்கமான ரப்பர் வளையம் வேறு.

நிரூபித்த விதம்

எனக்குப் பிடித்த பகுதி இதுதான். மூடியில் ஓட்டை போட்டு அனுப்பிவிட்டிருக்கலாம். பெரியவர் விடவில்லை. ‘நிண்ட மாதிரியே திருப்பி நிப்பாட்டிக் காட்ட வேணும்’ என்றார். முதலில் பெற்றோல் செட்டுக்குப் போய்த் தாங்கியைக் கழுத்துவரை நிரப்பச் சொன்னார். ஓட்டிப் பார்க்க ஐந்து லீற்றர் போதாதா, ஏன் இந்தச் செலவு என்று பொடியன்கள் முணுமுணுத்தார்கள். ‘வவுனியாவில எவ்வளவு அடிச்சனீர்?’ என்று மட்டும் கேட்டார். முழுத் தாங்கி.

மூடியை இறுக்கிப் பூட்டிவிட்டு பரந்தனால் திரும்பி முல்லைத்தீவு வீதியில் ஓடினோம். பெரியவர் முன் ஆசனத்தில், டாஷ்போர்ட்டில் காதை வைக்காத குறையாக. தர்மபுரம் தாண்டியதும், ‘தட்டு இடைவெளி கூடுது’ என்றார். எனக்கு எஞ்சின் இரைச்சல்தான் கேட்டது. சற்று நேரத்தில் வண்டி விக்கி நின்றது. வண்டிக்காரரின் கை தன்னாலே பொனெட் பக்கம் போனது. ‘அங்க வேண்டாம். சாவியை அப்பிடியே விட்டுட்டுப் பின்னுக்கு வாரும்.’

மூடியைத் திருப்பியதும் ‘உஸ்ஸ்’ என்று காற்று நீளமாக உள்ளே இழுத்தது. அது அடங்குவதற்குள் முன்பக்கத்தில் பம்ப் டக், டக், டக் என்று தானாக உயிர்பெற்றது. யாரும் அதைத் தொடவில்லை. ஸ்ராட் அடித்தால் முதல் சுற்றிலேயே பிடித்தது.

ஏன் அதற்கு முன் வரவில்லை?

மூடி தமிழ்நாட்டில் மாட்டியது. அங்கே நிற்கவில்லை, கொழும்பில் நிற்கவில்லை, அனுராதபுரத்திலும் நிற்கவில்லை. காரணம் தாங்கியில் பெற்றோலுக்கு மேல் இருந்த காற்றின் அளவு. கொள்கலனில் ஏற்றும்போது தாங்கி கிட்டத்தட்ட வெறுமையாக இருக்க வேண்டும், அதனால் மூடி மாற்றிய பிறகு அவர் குறைவாகவே அடித்து ஓடினார். கொழும்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். இந்தத் தாங்கி முப்பது லீற்றருக்குச் சற்றுக் குறைவு. அதில் இருபது லீற்றர் இடம் காற்றாக இருந்தால், இரண்டு லீற்றர் பெற்றோல் குறைவது பெரிய மாற்றம் இல்லை. அடுத்த செட்டில் மூடியைத் திறந்ததும் எல்லாம் சரியாகிவிடும். கழுத்துவரை நிரப்பினால் மேலே மிஞ்சுவது ஒரு லீற்றர் காற்று என்று வைத்துக்கொள்வோம். லீற்றருக்குப் பதினான்கு கிலோமீற்றர் ஓடும் வண்டி, புளியங்குளம் போய்ச் சேர்வதற்குள் அந்தக் காற்று இருமடங்கு, மும்மடங்கு இடத்துக்கு விரிய வேண்டியிருக்கும். பெற்றோல் ஆவி ஓரளவு அந்த இடத்தை நிரப்பும்தான், என்றாலும் மிஞ்சுகிற இழுவை சின்னப் பம்பை எதிர்த்துப் பிடிக்கப் போதும்.

சரி, வவுனியாவில் ஏன் கழுத்துவரை நிரப்பினார்? கேட்டதற்குச் சிரித்துவிட்டுச் சொன்னார்: ‘தாண்டிக்குளத்துக்கு அங்கால பெற்றோல் கிடைக்காதெண்டு மனசில கிடக்கு.’ தாண்டிக்குளம் வவுனியாவை ஒட்டி வடக்கே இருக்கிறது, தடைக் காலத்தில் அதைத் தாண்டினால் பெற்றோல் இல்லை. இப்போது மாங்குளத்திலும் செட் இருக்கிறது, கிளிநொச்சியிலும் இருக்கிறது. ஏ9 வீதி 2002 ஏப்ரலில் திறந்து, 2006 ஓகஸ்ட்டில் மூடி, போருக்குப் பின் மறுபடி திறந்ததெல்லாம் அவருக்குச் செய்தியாகத்தான் தெரியும். கை மட்டும் 1990களின் கணக்கில் நிரப்பச் சொல்லியிருக்கிறது. இந்தியாவின் அகலச் சாலைகளில் வராத பயம் தாண்டிக்குளத்துக்கு அடுத்த ஓமந்தையை நெருங்கும்போது வந்தது, பழுதும் கூடவே வந்தது.

தனிப் பயணம் இதில் எங்கே வருகிறது என்றால், இரண்டு பொய்ச் சாட்சிகளில். முதல் தடவை காத்திருந்தபோது வெயிலில் சூடான தாங்கிக்குள் ஆவி கூடி, இறுக்கம் தளர்ந்து வண்டி கிளம்பியது. அவர் அதை ஈரத்துணியின் வேலை என்று எடுத்துக்கொண்டார். இரண்டாம் தடவை பம்பைக் கழற்றக் குழாயைப் பிரித்தார் அல்லவா, அந்தக் குழாய் வழியாகவே தாங்கிக்குள் காற்றுப் போய்விட்டது. எந்தப் பம்பைப் போட்டிருந்தாலும் தட்டியிருக்கும், பழையதையே திரும்பப் போட்டிருந்தாலும். பக்கத்தில் இன்னொருவர் இருந்திருந்தால் ‘பழையதையும் ஒருக்கால் போட்டுப் பாரன்’ என்று சொல்லியிருக்கக்கூடும். தனியாக நிற்கிறவருக்கு வண்டி ஓடினால் போதும், வெயிலில் யார் ஆராய்ச்சி செய்வார்? உதிரிப் பம்ப் கையில் இல்லாமல் வந்திருந்தால் பழுது இன்னும் சீக்கிரம் பிடிபட்டிருக்கும் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

திருத்தம் கால் மணித்தியால வேலை. மூடியின் உள்தட்டில் மெல்லிய துரப்பண ஊசியால் ஒரு துளை, பிசிறை அரத்தால் தேய்த்து எடுத்தது, பெற்றோல் தெறிக்காமல் இருக்கத் துளைக்கு முன்னால் ஒரு சிறு தகடு. இரண்டு பம்பின் தொடுமுனைகளையும் துடைத்துவிட்டு, முதலில் கழற்றிய பழையதையே மாட்டினோம். புதியது திரும்பவும் டிக்கிக்குப் போனது.

கிளம்பும் முன் வண்டிக்காரர் பெரியவரிடம், இந்த மைனரும் மண்ணெண்ணெயில் ஓடுமா என்று கேட்டார். ‘ஓடும். ஆனா லீற்றர் 87 ரூபாய்க்கு வித்த மண்ணெண்ணெயை 2022இல 340 ஆக்கினவங்கள். பெற்றோலிலயே ஓடும், அதுதான் நல்லம்’ என்றார். மறுபடி முழுத் தாங்கி அடித்துக்கொண்டு ஆனையிறவு கடந்து பருத்தித்துறை வரை போனார், வண்டி நிற்கவில்லை. யாழ்ப்பாணத்தில் டைனமோ பிரஷ் தேய்ந்து சார்ஜ் விழுந்ததாகத் தகவல் வந்தது, அது தேய்மானம், வேறு விஷயம். கார்னெட் ஓராண்டுக்குத்தான் செல்லும். அது முடியுமுன் கொழும்பில் வெளியேறும் முத்திரை வாங்கி வண்டியைக் கப்பலில் ஏற்றிவிட்டார். திருத்த வேலைக் கொப்பியில் மூடிக்கும் இப்போது ஒரு வரி இருக்கிறது, வாங்கிய தேதியோடு.